தொற்று பரவும் நேரத்தில் எந்த விக்கிப்பீடியா பக்கத்தை முகப்பில் வைக்கலாம்?

நூலகத் தளம் ஒன்றைக் கவனித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய தொற்று பரவும்போது வதந்தி முன்னால் ஓடுகிறது, அதனால் வைரஸ் பற்றிய நல்ல விக்கிப்பீடியா கட்டுரைகளைப் பொறுக்கி முகப்பில் வைக்க நினைக்கிறீர்கள். நட்சத்திரக் குறி வாங்கிய கட்டுரைகளை மட்டும் எடுத்தால் போதுமா என்பது உங்கள் கேள்வி. 'விக்கிப்பீடியாவை நம்பலாமா' என்று நீங்கள் கேட்கவில்லை. அப்படி மொத்தமாகக் கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்தை, அதில் எந்தப் பகுதியை, எத்தனை நாளைக்கு உங்கள் நூலகத்தின் பெயரை அடகு வைத்து முன்னால் நிறுத்தலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. சுருக்கமாகச் சொன்னால், நட்சத்திரம் மட்டும் போதாது. மெதுவாகப் பழசாகும் அறிவைச் சொல்லும் பக்கங்களை முன்னால் வையுங்கள். வேகமாக மாறும் பக்கங்களுக்குச் சரிபார்த்த தேதியோடு இணைப்பு மட்டும் கொடுங்கள். எண்ணிக்கைகளை எடுத்து ஒட்டவே வேண்டாம்.

முதலில் நட்சத்திரம். ஆங்கில விக்கிப்பீடியாவில் சிறப்புக் கட்டுரை என்ற தகுதி பெற்ற பக்கத்தின் மேல் ஓரத்தில் சிறிய வெண்கல நிற நட்சத்திரம் இருக்கும். பல பேர் வாரக்கணக்கில் வரி வரியாகக் குடைந்து பார்த்த பிறகே அது கிடைக்கும். பச்சை வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நல்ல கட்டுரை. அதைப் பெரும்பாலும் ஒரே ஒருவர் படித்துத் தேர்ச்சி கொடுத்திருப்பார். வைரஸ், வைரஸ்களுக்கு ஓர் அறிமுகம், ரோட்டா வைரஸ், வைரஸ்களின் சமூக வரலாறு ஆகிய ஆங்கிலக் கட்டுரைகள் சிறப்புத் தகுதி பெற்றவை. ஆனால் அந்தத் தகுதி மதிப்பீடு நடந்த அன்று இருந்த பதிப்புக்குக் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு யார் யாரோ தொட்டிருப்பார்கள். கட்டுரையைத் தொகுப்பவர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தின் தலையில் கட்டுரையின் மைல்கற்கள் பட்டியல் இருக்கும். அதில் தகுதி பெற்ற நாளின் பதிப்புக்கே இணைப்பு உண்டு. அதையும் இன்றைய பதிப்பையும், எல்லா மாற்றங்களும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த வரிகளுக்கெல்லாம் மேற்கோள் இருந்து, நீக்கப்பட்டவற்றுக்குக் காரணமும் எழுதப்பட்டிருந்தால் நட்சத்திரத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். பெரிய பெரிய பத்திகள் மேற்கோளே இல்லாமல் நுழைந்திருந்தால், நட்சத்திரம் இருந்தும் அதைச் சாதாரணக் கட்டுரையாகவே எண்ணிச் சோதியுங்கள்.

இன்னொரு பக்கம், நட்சத்திரம் இல்லாதது குறையும் ஆகாது. நாளுக்கு நாள் பெரிதாக மாறாத நிலைத்தன்மை அந்தத் தகுதிக்கான நிபந்தனைகளில் ஒன்று. நடந்துகொண்டிருக்கும் ஒரு தொற்றைப் பற்றிய கட்டுரை எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் இந்த நிபந்தனையில் தோற்றுவிடும். ஆக, நட்சத்திரத்தை மட்டும் வைத்துப் பொறுக்கினால் மக்கள் அன்றைக்குத் தேடுகிற பக்கம் உங்கள் பட்டியலில் வராமலே போகும். உரையாடல் பக்கத்தில் இருக்கும் மற்ற தர மதிப்பீடுகளை, அதாவது பி, சி போன்றவற்றை, நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஆள் ஒரு நாள் போட்டுவிட்டுப் போனதாக இருக்கும், ஆண்டுக்கணக்கில் திருத்தப்படாமலும் இருக்கும். அதன் பக்கத்திலேயே 'மிக முக்கியம்' என்று ஒரு குறி இருந்தால் அது தலைப்பின் முக்கியத்துவத்தைச் சொல்கிறது. தரத்தோடு அதற்குத் தொடர்பில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்ததுதான் இந்தப் பதிலின் மையம்: ஒவ்வொரு தகவலும் எவ்வளவு வேகமாகப் பழசாகும்? வைரஸ் என்றால் என்ன, அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும், புரத உறைக்குள் டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இருக்கும், பெரும்பாலானவை 20 முதல் 300 நானோமீட்டர் அளவு கொண்டவை, பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இவற்றிடம் பலிக்காது, தடுப்பூசி நோயெதிர்ப்பைப் பழக்குகிறது, ஆர்டி-பிசிஆர் சோதனை வைரஸின் மரபணுத் துண்டைப் பெருக்கித் தேடுகிறது: இவையெல்லாம் ஒரு நெருக்கடியின் நடுவில் மாறிவிடப் போவதில்லை. கொரோனா வைரஸ் குடும்பம், இன்ஃபுளுவென்சா, எபோலா போல ஏற்கெனவே அறியப்பட்ட குடும்பங்களைப் பற்றிய பொதுப் பக்கங்கள் அடுத்த நிலை. சில ஆண்டுகள் தாங்கும். புதிய வைரஸ் எப்படிப் பரவுகிறது, அறிகுறி தெரிய எத்தனை நாள், யாருக்கு ஆபத்து அதிகம், எந்த மருந்து உதவும் என்பவை வாரக்கணக்கில் மாறும். எத்தனை பேர் நோயுற்றார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பது அன்றாடம் மாறும். முதல் இரண்டு நிலைகளையும் முகப்பில் தாராளமாக வைக்கலாம். வதந்தியை உடைப்பதற்கும் பெரும்பாலும் இவையே போதும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் வராது என்று ஒரு செய்தி சுற்றினால், அதற்குப் பதில் அடிப்படைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அடிப்படைப் பக்கத்தைக் கொடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். வைரஸ்கள் பற்றிய பொதுவான வாக்கியத்தைக் குறிப்பிட்ட வைரஸுக்கு அப்படியே பொருத்தினால் தவறு வரும். கொழுப்பு உறை கொண்ட வைரஸ்களைச் சோப்பும் ஆல்கஹால் கைத்தேய்ப்பானும் சிதைத்துவிடும். கொரோனா வைரஸ், இன்ஃபுளுவென்சா, எபோலா ஆகியவை இந்த வகை. நோரோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது. அதனிடம் ஆல்கஹாலின் வேலை குறைவு; சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவி வெளியேற்றுவதே வழி. அதேபோல, எபோலா தொற்றியவர் அறிகுறி தொடங்கும் முன் பிறருக்குப் பரப்புவதில்லை. கோவிட்-19 அறிகுறி தெரியும் முன்பே பரவியது. ஒரு நெருக்கடியில் எழுதி வைத்த அறிவுரையை அடுத்த நெருக்கடிக்கு எடுத்து ஒட்டுகிறவர்கள் விழுகிற இடம் இதுதான். எனவே பொதுக் கட்டுரையை முன்வைத்தால், 'இந்த வைரஸுக்கு இதில் எது பொருந்தும்' என்று ஒரு வரியாவது பக்கத்திலேயே எழுதுங்கள்.

மூன்றாம் நிலைப் பக்கத்தை, அதாவது வாரக்கணக்கில் மாறும் தகவல் கொண்டதை, சோதிக்க ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கட்டுரை முழுவதையும் படித்துச் சரிபார்க்க முடியாது. ஐந்து கூற்றுகளை மட்டும் பிடியுங்கள். பரவும் வழி, நோயரும்பும் காலம் (தொற்றியது முதல் அறிகுறி தெரியும் வரை), சோதனை, சிகிச்சை, இறப்பு விகிதம். கட்டுரையின் முன்னுரையில் அடிக்குறிப்பு இல்லாவிட்டால் பதற வேண்டாம். முன்னுரை உடற்பகுதியின் சுருக்கம் என்பதால் மேற்கோள்கள் கீழே இருக்கலாம். ஆனால் முன்னுரை சொல்வதும் கீழே சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள். வலப்பக்கத் தகவல் பெட்டியில் ஒரு எண், முன்னுரையில் ஒரு எண், உள்ளே வேறொரு எண் என்று மூன்று விதமாக இருப்பது சாதாரணம், ஏனென்றால் மூன்றையும் மூன்று பேர் மூன்று தேதிகளில் திருத்தியிருப்பார்கள். பிறகு ஐந்து கூற்றுகளுக்கும் அடிக்குறிப்பைச் சொடுக்கி மூலத்தையே திறந்து பாருங்கள். மூலம் அதைத்தான் சொல்கிறதா? எந்த மக்களிடம், எந்த மாதத்தில் செய்த ஆய்வு? மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் மட்டும் கண்டதை எல்லோருக்கும் பொருந்துவதாகக் கட்டுரை எழுதியிருக்கிறதா? ஐந்தில் ஒன்று பிசகினால் அந்த ஒன்றைத் திருத்தலாம். இரண்டு பிசகினால் அந்தப் பக்கத்தை முன்வைக்க வேண்டாம் என்பது என் கணக்கு. இது விதி கிடையாது, பழக்கத்தில் வந்த அளவுகோல்.

மூலத்தின் வகையைப் பார்ப்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே மருத்துவத் தலைப்புகளுக்கென்று கடுமையான வழிகாட்டல் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மீளாய்வுக் கட்டுரைகள், முறைப்படியான தொகுப்பாய்வுகள், உலக சுகாதார அமைப்பு போன்ற பெரிய நிறுவனங்களின் வழிகாட்டல்கள், பாடநூல்கள் ஆகியவற்றுக்கு முன்னுரிமை. ஒற்றை ஆய்வும் நாளிதழ்ச் செய்தியும் மருத்துவக் கூற்றுக்குப் போதாது. மூலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்குள் வந்ததாக இருப்பது நல்லது. சாதாரணக் காலத்தில் அருமையான விதி. புதிய வைரஸ் வரும்போது முதல் சில மாதம் மீளாய்வுக் கட்டுரை என்று ஒன்று இருக்கவே இருக்காது. அப்போது சக ஆய்வாளர் பார்வைக்குப் போகாத முன்பதிப்புகள் மேற்கோளாக நுழையும். அடிக்குறிப்பில் அவற்றை வெளியிடும் தளங்களான பயோ-ஆர்க்கைவ் (bioRxiv), மெட்-ஆர்க்கைவ் (medRxiv) ஆகிய பெயர்களைக் கண்டால் அந்தக் கூற்றைத் தற்காலிகமானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சக ஆய்வு முடிந்து பெரிய இதழில் வந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியா? 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்து என்று சொன்ன பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. அதை ஒட்டி உலக சுகாதார அமைப்பு தன் சோதனையில் அந்த மருந்தின் பகுதியைச் சில நாள் நிறுத்திவைத்தது. தரவின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய முடியாததால் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட இரண்டு வாரத்துக்குள் அதை மேற்கோள் காட்டிய எந்தப் பக்கமும் விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. அதனால் மூலத்தைத் திறக்கும்போது தலைப்பின் பக்கத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள். இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கடுமையான கோவிட் நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்ற பிரிட்டனின் ரெக்கவரி சோதனை முடிவு 2020 ஜூன் 16 அன்று வெறும் செய்திக்குறிப்பாக வந்தது. அது சரியாக இருந்தது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டலில் அது ஏறியது செப்டம்பர் 2 அன்று. விதியைக் கறாராகப் பிடித்தால் நல்ல செய்தியும் தாமதமாகும். இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். நூலகம் போன்ற இடம் சிகிச்சையில் முந்திக்கொள்வதைவிடப் பிந்துவது நல்லது என்பது என் நிலைப்பாடு.

அதிகாரபூர்வ மூலமே தவறும் இடம் இன்னும் சங்கடமானது. 2020 மார்ச் 28 அன்று கோவிட்-19 காற்று வழியே பரவுவதில்லை என்று உலக சுகாதார அமைப்பு சமூக வலைத்தளத்தில் அடித்துச் சொன்னது. மூடிய அறையில் நுண்துகள்கள் காற்றில் மிதந்து பரவும் என்பதை 2021இல்தான் தன் பக்கத்தில் தெளிவாக எழுதியது. விக்கிப்பீடியா தானாக ஆய்வு செய்யாது. நம்பத்தக்க மூலங்கள் சொல்வதைத் தொகுத்துத் தரும். ஆகவே மூலங்கள் பின்தங்கினால் கட்டுரையும் பின்தங்கும். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் 'இந்தப் பக்கம் மூலங்களைச் சரியாகப் பிரதிபலிக்கிறதா' என்பதை மட்டுமே காட்டும். மூலங்கள் சரியா என்று உங்களால் தீர்மானிக்க முடியாது, என்னாலும் முடியாது. அதற்கு மருத்துவப் படிப்புள்ள ஒருவர் வேண்டும். சிகிச்சை, தடுப்பு ஆகிய இரண்டு பகுதிகளையாவது அப்படி ஒருவரிடம் காட்டிவிட்டு முன்வையுங்கள்.

எண்களில் என்ன பிசகும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் மக்கள் முதலில் பார்ப்பதும் எண்ணை, தவறாகப் பகிர்வதும் எண்ணை. 2014இல் பெரிதாக வெடித்து 2016 வரை நீடித்த மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும் 11,300க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் பதிவானது. வகுத்தால் சுமார் 40 சதவீதம். எபோலா பற்றிய பொதுப் பக்கத்தில் சராசரி இறப்பு ஏறத்தாழ 50 சதவீதம், வெடிப்புக்கு வெடிப்பு 25 முதல் 90 சதவீதம் வரை என்று இருக்கும். இரண்டும் சரிதான், ஒன்று ஒரு வெடிப்பு, மற்றது பல வெடிப்புகளின் வரலாறு. இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. கண்டறியப்பட்ட நோயாளிகளில் இறந்தவர் எத்தனை பேர் என்பது ஒரு விகிதம். அறிகுறியே இல்லாதவர் உட்பட தொற்றிய எல்லோரிலும் இறந்தவர் எத்தனை பேர் என்பது வேறு விகிதம், அது வழக்கமாகக் குறைவாக இருக்கும். தொற்று ஏறுமுகத்தில் இருக்கும்போது அன்றைய இறப்பை அன்றைய நோயாளி எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் இரண்டு பக்கமும் சாயும்: படுக்கையில் இருப்பவர்களின் முடிவு தெரியாததால் குறைத்துக் காட்டும், லேசான நோயாளிகள் சோதனைக்கே வராததால் கூட்டிக் காட்டும். கட்டுரை எந்த விகிதத்தைச் சொல்கிறது என்று தெளிவாக எழுதவில்லை என்றால் அந்த எண்ணை எடுக்காதீர்கள். தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று சொல்லப்படும் அடிப்படைப் பரவல் எண்ணும் இப்படித்தான். யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவும் என்பதே அது; பரவும் வேகமும் அதுவும் ஒன்றல்ல, நோயின் கடுமையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பக்கத்தின் பின்புறத்தைப் பார்ப்பதற்கு வருகிறேன். மேலே பூட்டுக் குறி இருந்தால் பலர் 'அதிகாரபூர்வம்' என்று எண்ணிவிடுகிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் வெள்ளிப் பூட்டு என்றால் கணக்கு தொடங்கி நான்கு நாளும் பத்துத் தொகுப்பும் (கட்டுரைகளில் செய்த திருத்தம்) ஆகாதவர் தொட முடியாது. நீலப் பூட்டு என்றால் முப்பது நாளும் ஐந்நூறு தொகுப்பும் வேண்டும். விஷமத்தைத் தடுக்க இது உதவும், பிழையைத் தடுக்காது. வரலாற்றுப் பக்கத்தில் கடைசி ஐம்பது மாற்றங்களை மட்டும் மேயுங்கள். ஒரே பத்தியை இருவர் மாறி மாறிச் சேர்த்து நீக்கிக்கொண்டிருந்தால் அந்தப் பத்தி இன்னும் வேகவில்லை என்று பொருள். உரையாடல் பக்கத்தில் அதே சண்டைக்கான வாதம் இருக்கும். அதைப் படித்தால் எந்தக் கூற்று உறுதி, எது சர்ச்சை என்பது கட்டுரையைவிடத் தெளிவாகத் தெரியும். வாதமே இல்லாத பக்கத்தை நான் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பேன். லட்சக்கணக்கில் பார்வை வரும் தலைப்பில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம். பக்கத் தகவலில் எத்தனை பேர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்ற எண் கிடைக்கும். முப்பதுக்கும் குறைவாக இருந்தால் சரியான எண்ணைச் சொல்லாமலும் விடலாம். அதுவே ஒரு தகவல். இன்னொரு பொறி, சுற்றி வரும் மேற்கோள்: கட்டுரையில் யாரோ ஆதாரமில்லாமல் எழுதியதை ஒரு செய்தித்தளம் எடுத்துப் போடும், பிறகு அந்தச் செய்தியே கட்டுரைக்கு ஆதாரமாக அமரும். செய்தியின் தேதியையும் அந்த வரி கட்டுரையில் நுழைந்த தேதியையும் ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும்.

தமிழ்க் கட்டுரைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். நெருக்கடி தொடங்கிய வாரத்தில் யாரோ ஒருவர் அக்கறையோடு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்திருப்பார்; பிறகு ஆங்கிலப் பக்கம் ஆயிரம் முறை மாறியிருக்கும், தமிழ்ப் பக்கம் அன்றைய நாளிலேயே நின்றிருக்கும். தமிழ்க் கட்டுரையின் வரலாற்றில் கடைசியாக உள்ளடக்கம் மாறிய தேதியைப் பாருங்கள். தானியங்கிகள் செய்த மாற்றத்தையும் பகுப்புச் சேர்த்ததையும் கணக்கில் எடுக்க வேண்டாம். புதிய நோயைப் பற்றியதாக இருந்து, அந்தத் தேதி இரண்டு மூன்று மாதம் தாண்டியிருந்தால், முன்னுரையையாவது புதுப்பித்த பிறகே முகப்பில் வையுங்கள். முழுக் கட்டுரையையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் முடிவதற்குள் பழசாகிவிடும். 2014 எபோலா நேரத்தில் மருத்துவத் தன்னார்வலர்கள் செய்தது நல்ல முன்மாதிரி: கட்டுரையின் முன்னுரையை எளிய நடையில் சுருக்கி, சரிபார்த்து, அதை மட்டும் பல மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நான்கு பத்தி, மெதுவாகப் பழசாகும் செய்திகள் மட்டும். முடித்ததும் வேறொருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்து எதிர்மறைச் சொற்களையும் அளவுகளையும் மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். 'கூடாது' விடுபட்டுப் போவதும், நானோ மைக்ரோ ஆவதும் மொழிபெயர்ப்பில் அடிக்கடி நடக்கும்.

பட்டியலை ஐந்து முதல் ஏழு பக்கங்களோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் யாரும் திறக்க மாட்டார்கள். வைரஸ் பற்றிய அறிமுகம், அந்த வைரஸின் குடும்பம், நோய், பரவலும் தடுப்பும், சோதனை, தடுப்பூசி. வைரஸ், நோய், தொற்றுப் பரவல் மூன்றும் தனித்தனிக் கட்டுரைகள் என்பதை மறக்க வேண்டாம். சார்ஸ்-கோவ்-2 என்பது வைரஸ், கோவிட்-19 என்பது அது தரும் நோய். இரண்டு பெயரும் 2020 பிப்ரவரி 11 அன்றுதான் அறிவிக்கப்பட்டன. ஆனால் தொற்றுப் பரவல் பற்றிய ஆங்கிலக் கட்டுரை அந்த ஆண்டு ஜனவரி 5 அன்றே வேறு தலைப்பில் தொடங்கிவிட்டது. இப்படித் தலைப்பு மாறும் என்பதால், முகவரியை ஒட்டியபின் அது எங்கே கொண்டுபோகிறது என்று அவ்வப்போது சொடுக்கிப் பாருங்கள். அறிகுறியைத் தேடி வருபவரைத் தொற்றுப் பரவல் பக்கத்துக்கு அனுப்பினால் அவர் நாடுவாரியான அட்டவணைகளில் தொலைந்துபோவார். அந்த ஆண்டு ஆங்கில விக்கிப்பீடியாவின் முதற்பக்கச் செய்திப் பகுதியில் நோய், வைரஸ், இடவாரி நிலவரம் என்று பிரித்து இணைப்புகள் கொண்ட சிறு பெட்டி ஒன்றைப் பல மாதம் தொடர்ந்து வைத்திருந்தார்கள். அந்த வடிவத்தை நீங்களும் கடன் வாங்கலாம்.

எப்படி இணைப்பது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் மாறாத நிலையான இணைப்பு உண்டு. நீங்கள் சோதித்த பதிப்புதான் வாசகருக்கும் தெரியும் என்பதால் அது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் மூன்றாம் நிலைப் பக்கத்துக்கு அதைப் பயன்படுத்தினால் பின்னால் திருத்தப்பட்ட பிழையை நீங்கள் மட்டும் காட்டிக்கொண்டிருப்பீர்கள். இணையத்தில் சாதாரண இணைப்பும், பக்கத்தில் 'சரிபார்த்த தேதி' என்ற வரியும் போதும். அச்சிட்டுக் கொடுக்கும் தாளுக்கு மட்டும் நிலையான இணைப்பையும் தேதியையும் போடுங்கள். இணையமில்லா இடங்களுக்கு, விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தரவிறக்கிய தொகுப்பைக் கொடுப்பதானால், கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும். அதை வாசகர் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள். வேகமாக மாறும் பக்கங்களை வாரம் இருமுறையும், அடிப்படைப் பக்கங்களை மாதம் ஒருமுறையும் திறந்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் அடிப்படைப் பக்கங்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

உரையை எடுத்துப் போடுவதற்கு உரிமத் தடை இல்லை. கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்து ஆக்கியவர்களைக் குறிப்பிட வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், நீங்கள் ஆக்கியதையும் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட வேண்டும். படங்களுக்கு ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் தனி. படத்தைச் சொடுக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். உலக சுகாதார அமைப்பின் படங்கள் வழக்கமாக வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற உரிமத்தில் வருவதால் விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற முடியாது. 2020 அக்டோபர் 22 அன்று உலக சுகாதார அமைப்பும் விக்கிமீடியா அறக்கட்டளையும் அறிவித்த ஒத்துழைப்பின்கீழ் அதன் விளக்கப்படங்கள் சில திறந்த உரிமத்தில் வந்தன; அவை பொதுவகத்திலேயே கிடைக்கும். மருந்தின் அளவை மட்டும் எங்கிருந்தும் எடுத்துப் போட வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடே மருந்தளவைக் கட்டுரையில் எழுதாமல் தவிர்க்கச் சொல்கிறது. ஒரு பக்கத்தில் அது இருந்தால், அந்தப் பக்கம் கவனிப்பாரின்றிக் கிடக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சோதிக்கும்போது பிழை கண்டால் பட்டியலிலிருந்து கழற்றிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பூட்டில்லாத பக்கம் என்றால் மூலத்தைக் கொடுத்து நீங்களே திருத்தலாம். சந்தேகம் மட்டும் இருந்தால் 'மேற்கோள் தேவை' என்ற வார்ப்புருவை அந்த வரியின் முடிவில் இடுங்கள். பூட்டிய பக்கம் என்றால் உரையாடல் பக்கத்தில் தொகுப்பு வேண்டுகோளாக எழுதுங்கள்: எந்த வரி, அதற்குப் பதில் என்ன வரி, எந்த மூலம், மூலத்தின் எந்தப் பக்கம். 'இந்தக் கட்டுரையில் தவறு இருக்கிறது, பாருங்கள்' என்று மொட்டையாக எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். வரியும் மூலமும் கையில் கொடுத்தால், பலர் கவனிக்கும் பக்கமாக இருக்கும்பட்சத்தில், பெரும்பாலும் விரைவிலேயே யாராவது எடுத்துக்கொள்வார்கள்.